இரு மாறி வாக்கியக் கணக்கு: தீர்க்கத் தெரியுது, அமைக்கத் தெரியல

#1 நெல்லை டியூஷன்

9ஆம் வகுப்பு, இரு மாறி நேரிய சமன்பாடுகள். சமன்பாட்டை எழுதிக் கொடுத்துட்டா பிரதியிடல், நீக்கல், குறுக்குப் பெருக்கல்னு எந்த முறையிலயும் பசங்க போட்டுடறாங்க. அதையே வாக்கியமா கொடுத்தா பேனா நகர மாட்டேங்குது. இந்த வாரம் கொடுத்த மூணு கணக்கும், அவங்க எழுதினதும் இதோ:

(1) 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்கள் சேர்ந்து 50. மொத்த மதிப்பு 160 ரூபாய். ஒவ்வொன்றிலும் எத்தனை?
எழுதினது: க + ப = 50, க + ப = 160.

(2) அப்பாவின் வயது மகன் வயதைப் போல் 3 மடங்கு. 5 ஆண்டுகளுக்கு முன் 4 மடங்கு. இப்போதைய வயது?
எழுதினது: க = 3ப, க − 5 = 4ப − 5. மகனுக்கு வயசு 0 வந்துச்சு.

(3) ஒரு படகு நீரோட்டத் திசையில் 36 கி.மீ., எதிர்த்திசையில் 24 கி.மீ. போக மொத்தம் 6 மணி. நீரோட்டத் திசையில் 24, எதிர்த்திசையில் 40 என்றால் 7 மணி. படகின் வேகம், நீரோட்டத்தின் வேகம்?
எழுதினது: எதுவுமே இல்ல.

தமிழ் விசைப்பலகையிலயே அடிக்கிறதால எக்ஸ், ஒய்க்குப் பதிலா க, ப போட்டிருக்கேன். இதை எங்கேர்ந்து சரிபண்ண ஆரம்பிக்கலாம்?

#2 கரும்பலகை

முதல் கணக்கிலேயே விஷயம் முழுசும் இருக்கிறது. க + ப என்பது ஒரே நேரத்தில் 50 ஆகவும் 160 ஆகவும் இருக்க முடியாது. வரைபடத்தில் போட்டால் இரண்டு இணைகோடுகள். ஆனால் அந்த மாணவன் எழுதிய இரண்டு வரிகளையும் தனித்தனியே பார்த்தால் இரண்டுமே சரி! முதல் வரி எழுதும்போது க என்பது அவன் மனதில் நாணயங்களின் எண்ணிக்கை. இரண்டாம் வரிக்கு வந்ததும் அதே க நாணயங்களின் மதிப்பாக மாறிவிட்டது. எழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதி வைக்காததால் அது மாறியதே அவனுக்குத் தெரியவில்லை.

சமன்பாட்டுக்கு முன்னால் இந்த இரண்டு வரிகளைக் கட்டாயமாக்குங்கள்:

க = 2 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை
ப = 5 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை

பிறகு ஒவ்வொரு சமன்பாட்டின் வலப்பக்கத்திலும் அதன் அலகை எழுதச் சொல்லுங்கள்.

க + ப = 50 (நாணயம்)
2க + 5ப = 160 (ரூபாய்)

அலகு வேறு என்பதால் இரண்டாம் வரியில் வெறும் க நிற்க முடியாது, 2 ரூபாயால் பெருக்கியாக வேண்டும் என்பது தானாகவே விழும். முதல் சமன்பாட்டை 2-ஆல் பெருக்கிக் கழித்தால் 3ப = 60, ப = 20, க = 30.

வகுப்பில் ஒரு படி மேலே போய் இதையும் செய்து காட்டலாம். க = 2 ரூபாய் நாணயங்களின் மொத்த மதிப்பு, ப = 5 ரூபாய் நாணயங்களின் மொத்த மதிப்பு என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு நடக்கும்:

க + ப = 160 (ரூபாய்)
க/2 + ப/5 = 50 (நாணயம்)

விடை க = 60, ப = 100. அதாவது 30 நாணயம், 20 நாணயம். எதை வேண்டுமானாலும் மாறியாக வைக்கலாம், நடுவழியில் மாற்றக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

#3 பூச்சியம்

சுருக்கமா ஒரு வழி. க, ப எல்லாம் வேண்டாம். பொருளோட முதல் எழுத்தையே வெச்சுடுங்க. பேனாவுக்கு பே, நோட்டுக்கு நோ. எது எதுன்னு மறக்கவே மறக்காது.

#4 சாதாரண தரம் யாழ்

பூச்சியம், அதுதான் எனக்குப் பயமான வழி. பே என்று எழுதினால் பிள்ளை அதைப் பேனா என்றே வாசிக்கும். பேனாவின் விலை என்று வாசிக்காது. “3பே + 2நோ = 95” என்பது “மூன்று பேனாவும் இரண்டு கொப்பியும் 95” என்று சுருக்கெழுத்தாகிவிடும். இந்தக் கணக்கில் அது தற்செயலாகச் சரிவரும். அடுத்த கணக்கில் கவிழ்க்கும்.

அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் பொறியியல் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு வரியைக் கொடுத்துச் சமன்பாடு எழுதச் சொன்னார்கள்: “இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள்.” மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பிழைவிட்டார்கள். பிழைவிட்டவர்களில் பெரும்பாலானோர் எழுதியது 6மா = பே. சரியானது மா = 6பே. “ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர்” என்ற படத்தை அப்படியே எழுத்தில் வைத்துவிட்டார்கள். மா என்பது அவர்களுக்கு மாணவர், மாணவரின் எண்ணிக்கை அல்ல.

முதல் எழுத்து வைக்கத்தான் வேண்டும் என்றால் கரும்பலகை சொன்ன அந்த அறிவிப்பு வரி இல்லாமல் விடாதீர்கள். “எண்ணிக்கை”, “விலை (ரூபா)”, “வயது (ஆண்டு)” ஆகியவற்றில் ஒன்று அந்த வரியில் இருக்கவேண்டும். “பே = பேனா” என்று எழுதினால் அந்த வரிக்குப் புள்ளி இல்லை.

இந்தத் திருப்பிப்போடும் பிழையைப் பிடிக்க ஒரு நொடி போதும். பேராசிரியர் 10 பேர், அதாவது பே = 10 என்று வையுங்கள். மாணவர் 60 வரவேண்டும். 6மா = பே என்றால் மா = 1.67. எது சரி என்று பிள்ளையே சொல்லிவிடும்.

#5 பூச்சியம்

நியாயம். ஒத்துக்கறேன். ஆனா தமிழ்ல கேள்வி வாசிக்கிறவனுக்கு ஒரு வசதி இருக்கு, அதையும் சொல்லிடறேன். “பேனாவின் விலை, பென்சில் விலையின் மூன்று மடங்கை விட 2 குறைவு.” இடமிருந்து வலமா அப்படியே எழுதிட்டே போகலாம்: ப = 3க − 2. பென்சில் விலை, அதுல மூணு மடங்கு, அதுல 2 குறைச்சல். கேள்வி போற வரிசையும் கணக்கு போற வரிசையும் ஒண்ணு. தடுமாற்றம் வர்ற இடம் “பென்சிலை விட பேனா 5 ரூபாய் அதிகம்” மாதிரி வாக்கியம். முதல்ல பென்சில் கண்ணுல படுறதால க + 5-ன்னு ஆரம்பிச்சு, அதை எதுக்குச் சமமா வைக்கிறதுன்னு தெரியாம க + 5 = 0-ன்னு முடிச்சவனும் உண்டு. “எது பெருசு?” இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லிட்டு அப்புறம் எழுதச் சொல்லுங்க.

#6 கரும்பலகை

இரண்டாவது கணக்கு. அடைப்புக்குறிதான் பிரச்சினை என்று தோன்றும். உண்மையில் 5 ஆண்டுக்கு முந்தைய மகனின் வயது என்ற ஒரு தொகை அவனிடம் இல்லவே இல்லை. வாக்கியத்தில் 5 என்ற எண் வந்தது, இரண்டு பக்கமும் கழித்துவிட்டான். வயதுக் கணக்குக்குச் சமன்பாட்டுக்கு முன் ஒரு சின்னக் கட்டம் போட வேண்டும்:

அப்பா: இப்போது க, 5 ஆண்டுக்கு முன் க − 5
மகன்: இப்போது ப, 5 ஆண்டுக்கு முன் ப − 5

கட்டத்தில் இருக்கும் நான்கையும் முதலில் நிரப்பிவிட்டால், “முன்பு 4 மடங்கு” என்ற வாக்கியம் இரண்டாவது நெடுவரிசையைப் பற்றி மட்டுமே பேசுகிறது என்பது தெரியும். க − 5 = 4 × (ப − 5). மடங்கு என்பது ப − 5 முழுவதற்கும். ஆகவே க − 5 = 4ப − 20, க = 4ப − 15. க = 3ப என்பதால் ப = 15, க = 45.

சரிபார்ப்பு: 5 ஆண்டுக்கு முன் 40, 10. நான்கு மடங்கு. இந்தச் சரிபார்ப்பைக் கேள்வியில் உள்ள வாக்கியத்தில்தான் செய்ய வேண்டும். அமைத்த சமன்பாட்டில் செய்தால் எதுவும் மாட்டாது; க = 0, ப = 0 என்பது அவன் எழுதிய தவறான சமன்பாடுகளை அட்டகாசமாக நிறைவு செய்கிறதே.

#7 பால்பண்ணைக் கணக்கு

கலவைக் கணக்கு பத்தி யாரும் சொல்லலையே. பசங்க அதிகமா விழுறது அங்கேதான்னு நினைக்கிறேன். அமிலம், ஆல்கஹால்னு புத்தகத்துல இருக்கிறதை விட பால் பாக்கெட்டை எடுத்துக்கோங்க. ஃபுல் கிரீம் பால்ல கொழுப்பு குறைஞ்சது 6%, டபுள் டோன்டுல 1.5%, ஸ்டாண்டர்டைஸ்டுல 4.5%. முதல் ரெண்டையும் கலந்து 4.5% கொழுப்புள்ள பால் 90 கிலோ வேணும்.

க = டபுள் டோன்டு பாலின் எடை (கிலோ)
ப = ஃபுல் கிரீம் பாலின் எடை (கிலோ)

க + ப = 90 (கிலோ பால்)

ரெண்டாவது சமன்பாடு கொழுப்புக்கு. இங்கேதான் விழுவாங்க: 1.5க + 6ப = 4.5. இப்படிப் போட்டா ப = −29 வரும். இடப்பக்கம் முழுப் பாலோட கொழுப்பு, வலப்பக்கம் வெறும் சதவீதம். 4.5% எதுல? 90 கிலோவுல. அதனால 1.5க + 6ப = 4.5 × 90 = 405. (ரெண்டு பக்கமும் 100-ஆல் பெருக்கியிருக்கு.) க + ப = 90-ஐ 1.5-ஆல் பெருக்கிக் கழிச்சா 4.5ப = 270. ப = 60, க = 30.

போடுறதுக்கு முன்னாடியே விடையை மதிப்பிட முடியும். 4.5 ங்கறது 1.5-ஐ விட 6-க்குப் பக்கம். அப்போ ஃபுல் கிரீம்தான் அதிகமா வரணும். விடை தலைகீழா வந்தா க, ப இடம் மாறிப்போச்சு.

பண்ணையில இதுக்குச் சமன்பாடே போட மாட்டாங்க, பியர்சன் சதுரம்தான். 6-க்கும் 4.5-க்கும் வித்தியாசம் 1.5, 4.5-க்கும் 1.5-க்கும் வித்தியாசம் 3. குறுக்கே எடுத்தா டபுள் டோன்டு : ஃபுல் கிரீம் = 1.5 : 3 = 1 : 2. மேலே செஞ்ச நீக்கல் முறையேதான், வேஷம் வேற. அளவு லிட்டர்ல கேட்டா கவனம்: சதவீதம் எடைக்கு, கொள்ளளவுக்கு இல்ல.

#8 நெல்லை டியூஷன்

அறிவிப்பு வரியும் அலகும் நாளையிலிருந்து கட்டாயம். ஆட்டோ கட்டணக் கணக்கு ஒண்ணு நானே எழுதினேன், விடை உதைக்குது. சென்னையில 2013-ல நிர்ணயிச்ச கட்டணத்தை வெச்சு: 5.8 கி.மீ.க்கு 73 ரூபாய், 9.8 கி.மீ.க்கு 121 ரூபாய். நிலைக்கட்டணம் எவ்வளவு, கி.மீ.க்கு எவ்வளவு? கி.மீ.க்கு 12 சரியா வருது. நிலைக்கட்டணம் 25 வரணும், 3.40 வருது.

#9 பூச்சியம்

12 சரி, 3.40-உம் சரி. உங்க சமன்பாடு கேட்ட கேள்விக்கு அதுதான் விடை.

அந்தக் கட்டண விதி: முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதுக்கு மேல கி.மீ.க்கு 12. அதாவது 25 ரூபாய்க்குள்ளேயே 1.8 கி.மீ. அடங்கியிருக்கு. நீங்க எழுதினது ப + 5.8க = 73. இதுல முழு 5.8-க்கும் 12 வாங்கிட்டீங்க. உண்மையில 12 வாங்க வேண்டியது 4 கி.மீ.க்கு மட்டும். சரியான அமைப்பு:

க = 1.8 கி.மீ.க்கு மேல் ஒவ்வொரு கி.மீ.க்கும் கட்டணம் (ரூபாய்)
ப = முதல் 1.8 கி.மீ.க்கான கட்டணம் (ரூபாய்)

ப + 4க = 73
ப + 8க = 121

4க = 48, க = 12, ப = 25. உங்களுக்கு வந்த 3.40 எங்கேர்ந்துன்னா, 25 − 1.8 × 12 = 25 − 21.60. கோட்டைப் பின்னோக்கி நீட்டி தூரம் 0-ல வெட்டுற இடம் அது. அந்த இடத்துல ஆட்டோவே ஓடல. 1.8-க்குக் கீழே கட்டணம் அந்தச் சாய்கோட்டுல போகாது, 25-லயே கிடைக்கோடா நிக்கும்.

மின்கட்டணம், தண்ணிக் கட்டணம் எல்லாத்துலயும் இதே பொறிதான். அடுக்கு அடுக்கா கட்டணம் இருந்தா, தந்திருக்கிற ரெண்டு தரவும் ஒரே அடுக்குல இருக்கான்னு பாருங்க. வேற வேற அடுக்குன்னா ரெண்டு சமன்பாடு போதாது.

#10 சாதாரண தரம் யாழ்

மூன்றாவது கணக்கு, படகு. இது நேரிய சமன்பாடாகத் தோன்றாது, அதனால்தான் பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டார்கள். நேரம் = தூரம் ÷ வேகம். வேகம் கீழே வருகிறது. படகின் வேகத்தையும் நீரோட்டத்தின் வேகத்தையும் நேரே மாறியாக வைத்தால் 36/(க + ப) + 24/(க − ப) = 6 என்று பயமுறுத்தும். அதை இரண்டு படியாகப் பிரியுங்கள்.

முதற்படியில் தெரியாக்கணியம் (மாறி) வேகம் அல்ல. ஒரு கிலோமீற்றர் போக எடுக்கும் நேரம்.

ச = நீரோட்டத் திசையில் 1 கி.மீ.க்கு எடுக்கும் நேரம் (மணி)
த = எதிர்த்திசையில் 1 கி.மீ.க்கு எடுக்கும் நேரம் (மணி)

36ச + 24த = 6
24ச + 40த = 7

இப்போது இது பேனா, கொப்பி விலைக் கணக்கு மாதிரியே ஆகிவிட்டது. முதலாவதை 12-ஆல் வகுத்தால் 3ச + 2த = 1/2. அதை 8-ஆல் பெருக்கினால் 24ச + 16த = 4. இரண்டாவதிலிருந்து கழிக்க 24த = 3, த = 1/8, ச = 1/12.

இரண்டாம் படி. 1 கி.மீ.க்கு 1/12 மணி என்றால் வேகம் மணிக்கு 12 கி.மீ., எதிர்த்திசையில் 8 கி.மீ. இங்கே நிறுத்திவிட்டு “படகு 12, நீரோட்டம் 8” என்று எழுதுபவர்கள் ஏராளம். 12 என்பது படகும் நீரோட்டமும் சேர்ந்த வேகம், 8 என்பது படகிலிருந்து நீரோட்டம் கழிந்த வேகம். கூட்டி அரைவாசி 10, கழித்து அரைவாசி 2. படகு மணிக்கு 10 கி.மீ., நீரோட்டம் 2 கி.மீ.

சரிபார்க்க: 36/12 + 24/8 = 3 + 3 = 6. 24/12 + 40/8 = 2 + 5 = 7.

இருவர் சேர்ந்து வேலை செய்யும் கணக்குக்கும் இதே வழி. நாட்களை மாறியாக வைக்காதீர்கள், ஒரு நாளில் முடியும் பங்கை வையுங்கள்.

#11 கரும்பலகை

கடைசியில் “கூட்டி அரைவாசி, கழித்து அரைவாசி” என்று யாழ் செய்ததை ஒரு தனி உத்தியாகவே சொல்லிக் கொடுக்கலாம். 9ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் மகாவீரர் எழுதிய கணிதசாரசங்கிரகத்தில் ஒரு கணக்கு. (1912-இல் சென்னை அரசு அச்சகத்தில் ரங்காசார்யாவின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சான நூல்.) 9 நாரத்தையும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107, 7 நாரத்தையும் 9 விளாம்பழமும் 101. ஒவ்வொன்றின் விலை?

9க + 7ப = 107
7க + 9ப = 101

இதை நீக்கல் முறைக்காக 7-ஆலும் 9-ஆலும் பெருக்கத் தொடங்குபவரை நிறுத்துங்கள். கெழுக்கள் இடம் மாறி நிற்கின்றன. கூட்டினால் 16க + 16ப = 208, க + ப = 13. கழித்தால் 2க − 2ப = 6, க − ப = 3. க = 8, ப = 5. வாயாலேயே முடிந்தது.

மகாவீரர் தரும் விதி வேறு மாதிரி: பெரிய விலையைப் பெரிய எண்ணிக்கையாலும் சிறிய விலையைச் சிறிய எண்ணிக்கையாலும் பெருக்கிக் கழித்து, எண்ணிக்கைகளின் வர்க்க வித்தியாசத்தால் வகு. (9 × 107 − 7 × 101) ÷ (81 − 49) = 256 ÷ 32 = 8. இது இன்றைய குறுக்குப் பெருக்கல் முறைதான், கெழுக்கள் இடம் மாறி நிற்கும் வகைக்கு மட்டும் சுருக்கியது.

எந்த முறை எப்போது என்று கேட்பார்கள். ஒரு மாறியின் கெழு 1 அல்லது −1 என்றால் பிரதியிடல். கெழுக்கள் இடம் மாறியிருந்தால் கூட்டல், கழித்தல். மற்றதற்கு நீக்கல். வாக்கியக் கணக்குக்கு வரைபட முறையை நான் விரும்புவதில்லை. விடை பின்னமாக இருந்தால் வரைபடத் தாளில் படிக்க முடியாது. நீக்கலில் ஒரே எச்சரிக்கை: கழிப்பதற்குப் பதில் கீழ்ச் சமன்பாட்டை −1-ஆல் பெருக்கி எல்லா உறுப்பின் குறியையும் மாற்றி எழுதிவிட்டுக் கூட்டச் சொல்லுங்கள். 3க − 2ப = 4-இலிருந்து 3க + 5ப = 25-ஐக் கழிக்கும்போது −7ப-வுக்குப் பதில் 3ப எழுதுவது இதனால் நிற்கும்.

#12 நெல்லை டியூஷன்

பெரிய உதவி. கடைசியா ஒண்ணு. அடுத்த தேர்வுக்கு எழுதி வெச்சது: “ஓர் ஈரிலக்க எண்ணின் ஒன்றாம் இலக்கம் பத்தாம் இலக்கத்தை விட 3 அதிகம். இலக்கங்களை இடம் மாற்றினால் எண் 27 அதிகமாகிறது. அந்த எண் என்ன?” ஒரு பையன் 25, இன்னொருத்தன் 47. ரெண்டும் பொருந்துது!

#13 பூச்சியம்

பசங்க சரி, கேள்வி தப்பு. பத்தாம் இலக்கம் க, ஒன்றாம் இலக்கம் ப. எண் 10க + ப. (கப-ன்னு ஒட்டி எழுதினா பெருக்கல் ஆயிடும், அதையும் சொல்லிடுங்க.) இடம் மாற்றினா 10ப + க. வித்தியாசம் 9ப − 9க = 27, அதாவது ப − க = 3. முதல் வாக்கியமும் அதேதான். ரெண்டு வாக்கியம் இருக்கு, ஒரே சமன்பாடுதான் இருக்கு. 14, 25, 36, 47, 58, 69 ஆறும் விடை. இடம் மாற்றும் கணக்குல வித்தியாசம் எப்பவும் இலக்க வித்தியாசத்தோட 9 மடங்குதான். அதனால அந்த ரெண்டு தகவலையும் ஒரே கேள்வியில சேர்த்தா புதுசா ஒண்ணும் கிடைக்காது.

முதல் வாக்கியத்தை எடுத்துட்டு “இலக்கங்களின் கூடுதல் 9”-ன்னு போடுங்க. க + ப = 9, ப − க = 3. விடை 36 மட்டும்.

#14 நெல்லை டியூஷன்

மாத்திட்டேன். இன்னொரு பிரிவுக்கு அதே கேள்வியைக் கூடுதல் 8-ன்னு கொடுக்கலாமா?

#15 பூச்சியம்

வேண்டாம். ப = 5.5 வரும். வித்தியாசம் 3 ஒற்றைப்படை, அதனால கூடுதலும் ஒற்றைப்படையா இருக்கணும்: 5, 7, 9, 11, 13, 15. கூடுதல் 11 கொடுங்க, விடை 47.

#16 சாதாரண தரம் யாழ்

3-உம் கொடுக்கவேண்டாம். 03 வரும். அது ஈரிலக்க எண்ணா இல்லையா என்று வகுப்பு முழுக்க வழக்காடிக்கொண்டிருக்கும்.